நாலாம் கட்டம்

சிவரஞ்சனியை வேலையை விட்டு அனுப்பிச் சரியாகப் பதினாறு நாள் ஆகியிருந்தது. பதினேழாம் நாள், சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, அனுப்பிய அதே வாய் போனில் கூப்பிட்டது.

"ரஞ்சனி, கொஞ்சம் லேப் வரைக்கும் வந்துட்டுப் போயேன்மா. சின்ன விஷயம்தான்."

சின்ன விஷயத்துக்கு யாருக்காவது இப்படி மூச்சிரைக்குமா? லேப் முதலாளி அசோக் சாருக்கு இரைத்தது. அவள் அப்போது சிறுவாச்சூரில் வீட்டுப் பின்புறம் துணி அலசிக்கொண்டிருந்தாள். ஈரக் கையால் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, "என்ன சார் விஷயம்?" என்றாள்.

"பழைய ரிப்போர்ட்டு ஒண்ணும் ஓப்பன் ஆவல. நீ எழுதி வெச்ச ஃபைல்ல ஏதோ தப்பு இருக்குதும்மா."

ஆறு வருஷம் உழைத்தவளை ஒரு டீ கூட வாங்கிக் கொடுக்காமல் அனுப்பியாயிற்று. இப்போது தப்பையும் அவள் தலையிலேயே கட்டியாயிற்று. போகக் கூடாது என்றுதான் முதலில் நினைத்தாள். போகாவிட்டால் அவர் சொன்னதே ஊரில் நிலைத்துவிடும் என்பது அடுத்த நொடியே உறைத்தது. துணியை வாளியோடு விட்டுவிட்டு, கைக்குக் கிடைத்த சுடிதாரைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

அந்த லேப் பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது. ரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே, நுரையீரலுக்கு ஊதிப் பார்க்கிற டெஸ்ட் எல்லாம் அங்கே உண்டு. அரியலூரில் ஒரு கிளை. இரண்டு ஊர் ரிப்போர்ட்டும் பெரம்பலூர் லேபின் பின்னறையில் இருந்த ஒரே ஒரு பெரிய கம்ப்யூட்டரில்தான் சேரும். அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வதுதான் சிவரஞ்சனியின் வேலையாக இருந்தது.

அவள் வேலை செய்த விதத்தைச் சொல்லாவிட்டால் நடந்த கூத்து விளங்காது. அவளிடம் ஒரே ஒரு ஃபைல் இருந்தது. டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்தால் பள்ளிக்கூட நோட்டு மாதிரி தெரியும். தமிழில் நாலு வரி விளக்கம், அதற்குக் கீழே ஒரு கட்டம், கட்டத்துக்குள் கம்ப்யூட்டருக்கான கட்டளைகள். மறுபடி விளக்கம், மறுபடி கட்டம். கர்சரைக் கட்டத்துக்குள் வைத்து கன்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து இரண்டு தட்டுத் தட்டினால் போதும், கட்டளை அங்கேயே ஓடி, ஓடிய நேரத்தோடு பதில் கட்டத்துக்கு அடியிலேயே வந்து விழும். ஃபைலின் தலைப்பில் ஒரு வரி உண்டு. இதிலுள்ள கட்டமெல்லாம் அட்மின் அதிகாரத்தோடு ஓடும் என்பது அந்த வரிக்கு அர்த்தம். அட்மின் அதிகாரத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டால் கம்ப்யூட்டர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாது. அழி என்றால் அழிக்கும், ஏன் என்று கேட்காது. அதனால்தான் முதலில் பாஸ்வேர்டு கேட்கும்படியும், பிறகு ஒவ்வொரு கட்டத்துக்கும் 'ஓட்டட்டுமா, வேண்டாமா' என்று கேட்கும்படியும் அவள் வைத்திருந்தாள்.

அந்த ஃபைலே அவளுக்கு எமனாக வந்தது. "உனக்குத் தெரிஞ்சதையெல்லாம் அதுல எழுதி வெச்சுடும்மா. நாளைக்கு நீ லீவுல போனா நாங்க யாரைத் தேடுறது?" என்று மூன்று மாதம் தேனொழுகப் பேசினார் அசோக் சார். இவளும் மாய்ந்து மாய்ந்து எழுதினாள். எழுதி முடித்த வாரமே அவர் தன் மருமகன் சுரேஷ்குமாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மஸ்கட்டில் ஏதோ கடையில் சூப்பர்வைசராக இருந்துவிட்டு வேலை போய் ஊர் திரும்பியவன். "அதான் எல்லாம் ஃபைல்லயே இருக்குதே. இனிமே மாப்ளையே பாத்துக்குவாப்ல" என்றார். கறிவேப்பிலையைப் பொறுக்கி இலை ஓரத்தில் வைப்பது போல அவ்வளவு சுலபமாக முடித்துவிட்டார்.

கடைசி நாள் சாயந்திரம் இன்னொன்றும் கேட்டார். "மாப்ளைக்கு பாஸ்வேர்டெல்லாம் ஞாபகம் இருக்காது. அந்த ஓட்டட்டுமா வேணாமான்னு கேக்குறதையும் எடுத்துட்டுப் போயிடு. சும்மா நைநைன்னு கேட்டுக்கிட்டு."

எடுக்கக் கூடாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் எடுத்தாள். அன்று அவளுக்கு வந்த கோபத்தில் அந்தக் கட்டடத்தையே எடுக்கச் சொல்லியிருந்தாலும் எடுத்திருப்பாள். 'எக்கேடோ கெட்டுப் போங்க' என்று இரண்டு வரியை மாற்றி எழுதிவிட்டு, பையை மாட்டிக்கொண்டு யாரையும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டாள்.

லேபில் நுழைந்ததும் முன் மேஜையில் இருந்த மலர்கொடி எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பத்து வருஷமாக அங்கே ரிப்போர்ட் கொடுக்கிறவள். "வந்துட்டியா. ஒரு ரிப்போர்ட்டு கூட இல்லடி. நேத்து மத்தியானத்துக்கு அப்புறம் எடுத்ததுதான் இருக்குது" என்று காதோடு சொன்னாள். "அந்தம்மாவுக்கு நான் என்னத்தைச் சொல்லுவேன்?"

அந்தம்மா சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். மடியில் ஒரு மஞ்சள் பை. சிவரஞ்சனிதான் கம்ப்யூட்டர்காரப் பெண் என்று எப்படியோ புரிந்துகொண்டு அவளே பேச ஆரம்பித்தாள்.

"பாப்பா, நான் விக்கிரமங்கலம். செல்வம்மாள்னு பேரு. மொத பஸ்ஸுக்கு வந்தேன். எங்க வூட்டுக்காரரு முருகையனோட ஊதுன ரிப்போர்ட்டு அஞ்சு வருசத்துக்கும் வேணும். சனிக்கெழமை வா, எடுத்து வெக்கிறோம்னு சொன்னாங்க. வந்தா இப்ப இரு இருங்கிறாங்க."

முருகையன் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் பதினெட்டு வருஷம் துளை போட்டவர். தூசி நெஞ்சில் இறங்கி இறங்கி, நாலு மாதத்துக்கு முன்பு ஒரு விடியற்காலையில் கட்டிலில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் கான்ட்ராக்டர் எல்லாரையும் வேனில் ஏற்றி அரியலூர் கிளைக்குக் கொண்டுவந்து ஊத வைப்பார். ஊதினவனுக்கு ஒரு பன்னும் டீயும். ரிப்போர்ட் மட்டும் ஒருத்தர் கையிலும் வராது. இப்போது கான்ட்ராக்டர், அந்த ஆளுக்கு ஒரு வியாதியும் கிடையாது, பீடி குடித்துச் செத்தான் என்கிறார். நஷ்ட ஈட்டுக்காகத் திங்கட்கிழமை அரியலூரில் டாக்டர்கள் குழு விசாரணை. சுரங்கத்தில் வந்த வியாதிதான் என்று காட்ட அஞ்சு வருஷத்து டெஸ்ட்டையும் கொண்டு வா என்று சொல்லியிருக்கிறார்கள்.

"அவரு பீடியைத் தொட்டதே கெடையாது பாப்பா" என்றாள் செல்வம்மாள். "கள்ளு கூட வேணாம்பாரு. பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணாமா?"

"இருங்கக்கா, பாத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு சிவரஞ்சனி பின்னறைக்குப் போனாள்.

அங்கே அசோக் சார் நின்றுகொண்டும் சுரேஷ்குமார் உட்கார்ந்துகொண்டும் இருந்தார்கள். திரையில் அவளுடைய ஃபைல் திறந்தபடி கிடந்தது. அவளைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து சுரேஷ்குமார் எழுந்துகொண்டான். அவள் வணக்கம் கூடச் சொல்லாமல் உட்கார்ந்து, மேலிருந்து படித்துக்கொண்டு வந்தாள்.

மூன்று மாதத்துக்கு ஒரு தரம் செய்ய வேண்டிய வேலை அது. கம்ப்யூட்டரின் டிஸ்க் நிரம்பித் திணறும்போது அதைச் சுத்தம் செய்வதற்கு ஆறு கட்டங்கள். முதல் கட்டம் லேப் சாஃப்ட்வேரை நிறுத்தும். இரண்டாவது, எல்லா ரிப்போர்ட்டையும் வெளியிலுள்ள காப்பி டிஸ்க்குக்குக் கொண்டுபோகும். மூன்றாவது, இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று சரிபார்க்கும். நாலாவது, பழைய டிஸ்க்கை அடியோடு துடைத்துப் புதிதாக்கும். ஐந்தாவது, காப்பியைத் திரும்பக் கொண்டுவந்து போடும். ஆறாவது, சாஃப்ட்வேரைக் கிளப்பிவிடும். அவ்வளவுதான். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தெரிந்தால் போதும்.

கட்டங்களுக்கு அடியில் நேரங்கள் இருந்தன. முதல் கட்டம், வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு ஆறு. இரண்டாவது, பன்னிரண்டு ஏழு. மூன்றாவது, பன்னிரண்டு எட்டு. நாலாவது கட்டத்தின் அடியில் பத்து பத்தொன்பது என்று இருந்தது. காலை பத்து பத்தொன்பது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"நாலாவதை எதுக்குங்க மொதல்ல ஓட்டுனீங்க?"

சுரேஷ்குமார் மாமனாரைப் பார்த்தான். மாமனார் ஏசியைப் பார்த்தார்.

"ஒங்களைத்தான் கேக்குறேன். வரிசை போட்டுத்தானே வெச்சிருக்கேன்? தமிழ்ல எழுதியிருக்கேன்ல, மூணாவது சரின்னு வந்தாத்தான் நாலாவதைத் தொடணும்னு?"

"அது வந்துங்க," என்று இழுத்தான் சுரேஷ்குமார், "நேத்து வெள்ளிக்கெழமைல்ல. பத்தரைக்கு ராகு காலம். ரெண்டாவது கட்டம் ரெண்டு மணி நேரம் ஓடும்னு நீங்கதான் எழுதியிருந்தீங்க. ராகு காலத்துல போயி மாட்டிக்கும்ல. மாமாதான் சொன்னாரு..."

"என்ன சொன்னாரு?"

அசோக் சார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எந்தக் காரியமும் நல்ல நேரத்துல தொட்டு வெச்சுட்டா அப்புறம் எப்ப வேணா முடிச்சுக்கலாம்மா. பத்திரம் எழுதறதுன்னா கூட ஒரு கையெழுத்தை மொதல்ல போட்டு வெக்கிறது இல்லியா? அதுல புதுசாக்குறதுதானே முக்கியமான வேலை. அதை ராகு காலத்துக்கு முந்தி ஆரம்பிச்சு வைடான்னேன். மாப்ளைக்கு மொத வேலை வேற. மத்ததையெல்லாம் பன்னெண்டுக்கு மேல பண்ணிக்கலாம்னு..."

"ஆரம்பிச்சு வெச்சா அது அரை நிமிசத்துல முடிச்சுப்புடும் சார்! அது என்ன கல்யாணத்துக்கு முகூர்த்தக்கால் நடுறதா?"

கத்தியதில் முன்பக்கம் வரைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும். அவள் இரண்டாம் கட்டத்தின் பதிலைப் பார்த்தாள். பழைய டிஸ்க்கில் என்ன இருக்கிறதோ அதுவே காப்பியிலும் இருக்க வேண்டும், அதில் இல்லாதது இதிலும் இருக்கக் கூடாது என்று இரண்டாம் கட்டத்தில் அவள்தான் எழுதியிருந்தாள். பன்னிரண்டு ஏழுக்கு அவர்கள் அதை ஓட்டியபோது பழைய டிஸ்க் காலி. காலியைப் பார்த்த கம்ப்யூட்டர், சொன்ன சொல் தட்டாமல், காப்பி டிஸ்க்கிலிருந்த ஆறு வருஷத்து ரிப்போர்ட்டையும் ஒன்று விடாமல் அழித்துப் போட்டுவிட்டது. இரண்டு மணி நேரம் ஓட வேண்டியது ஒரே நிமிஷத்தில் முடிந்திருக்கிறது. மூன்றாம் கட்டம் அந்த இரண்டு காலி டிஸ்க்கையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறது. அடியில், 'இரண்டும் ஒன்றாக உள்ளன. பிழை ஏதும் இல்லை' என்று பதில் வந்திருந்தது. அந்தப் பதிலையும் அவளே தமிழில் எழுதி வைத்திருந்தாள்.

"சரின்னுதான் வந்துச்சுங்க" என்றான் சுரேஷ்குமார். பாவம், அவன் உண்மையாகவே அதை நம்பியிருக்கிறான். "ஒரு நிமிசத்துல முடிஞ்சிருச்சேன்னு சந்தோசப்பட்டேன். நல்ல நேரத்துல தொட்டதாலன்னு மாமா சொன்னாரு."

அவளுக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. இந்த ஆளின் மேல் கோபம், அந்த மருமகன் மேல் கோபம், ஆறு வருஷ ரிப்போர்ட்டை ஒரே அறைக்குள் வைத்துக்கொண்டு இன்னொரு காப்பி டிஸ்க் கேட்டபோதெல்லாம் 'பாக்கலாம் பாக்கலாம்' என்ற வாயின் மேல் கோபம். எல்லாவற்றுக்கும் மேல் தன் மேலேயே கோபம். அந்த 'ஓட்டட்டுமா, வேண்டாமா' இருந்திருந்தால் ஒரு நொடியாவது இவர்கள் நின்றிருப்பார்கள். அந்தக் கேள்வியைப் பிடுங்கியது யார்? இவள் கைதானே?

திரையில் இருந்த நேரங்களைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, திட்டிக்கொண்டே வேலையில் இறங்கினாள். இரண்டு டிஸ்க்கையும் கழற்றி, பையில் கொண்டு வந்திருந்த லேப்டாப்பில் மாட்டி, அழிந்ததைத் தேடும் சாஃப்ட்வேரை ஓடவிட்டாள். மதியம் சாப்பிடவில்லை. மலர்கொடி கொண்டுவந்து வைத்த டீ ஆறி ஆடை கட்டியது. நேற்று சாயந்திரமும் இன்று காலையும் வந்த நோயாளிகளின் ரிப்போர்ட்டெல்லாம் பழையதன் மேலேயே எழுதப்பட்டிருந்தன. மூன்றரை மணிக்குக் கிடைத்தவை வெறும் துண்டுகள். ஒரு பக்கம் பெயர்கள், ஒரு பக்கம் எண்கள். எந்த எண் எந்தப் பெயருக்கு என்று சொல்ல ஒரு வழியும் இல்லை. முருகையன் என்ற பெயர் பதினொரு இடத்தில் வந்தது. அது விக்கிரமங்கலத்து முருகையனா, ரஞ்சன்குடியிலிருந்து வந்த இன்னொரு முருகையனா, யாருக்குத் தெரியும்?

அவள் முன்பக்கம் வந்து செல்வம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். சுற்றி வளைக்கவில்லை.

"அக்கா, ரிப்போர்ட்டெல்லாம் அழிஞ்சு போச்சு. திரும்ப எடுக்க முடியல."

செல்வம்மாள் பையின் காதுகளைச் சேர்த்து முடிச்சுப் போட்டாள், அவிழ்த்தாள், மறுபடி போட்டாள். அதற்குள் அசோக் சார் வெளியே வந்து, வாடிக்கையாளரிடம் பேசும் குரலை வரவழைத்துக்கொண்டார்.

"ஒண்ணும் கவலப்படாதீங்கம்மா. கம்ப்யூட்டர்னா அப்படித்தான், ஒரு நேரம் போல இருக்காது. அவரைத் திங்கக்கெழமை காலையில வெள்ளன கூட்டிட்டு வாங்க. ஒரு பைசா வேணாம், ஃப்ரீயாவே மறுபடியும் ஊதிப் பாத்துக் குடுத்துடறோம்."

மலர்கொடி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவரு செத்து நாலு மாசமாச்சுங்க" என்றாள் செல்வம்மாள்.

காலையிலிருந்து ஆறு மணி நேரம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளிடம், எதற்கு வந்தாய் என்று ஒரு வார்த்தை இந்த மனிதர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அவர் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. "ஐயோ... அப்படியா" என்றார்.

செல்வம்மாள் எழுந்தாள். அழுவாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் அழவில்லை.

"பத்து தடவை ஊதுனாருங்க அவரு. கடைசியா ஊதுனப்ப ரெண்டு பேரு புடிச்சுக்கிட்டாங்களாம். இன்னும் பலமா ஊதுங்க, இன்னும் பலமா ஊதுங்கன்னு ஒங்க பொண்ணுங்க சொல்லுச்சாம். வூட்டுக்கு வந்து மூணு நாளு எந்திரிக்கல. அந்த மூச்சைத் தொலைச்சுப்புட்டு ஒரு நேரம் போல இருக்காதுங்கிறீங்களே, நீங்கள்லாம் சோத்தைத்தான் திங்கிறீங்களா? எனக்குப் பேப்பர் வேணும். ரிப்போர்ட்டு இல்லன்னா, இருந்துச்சு, நாங்கதான் அழிச்சுட்டோம்னு எழுதி முத்திரை போட்டுக் குடுங்க. அது இல்லாம இங்கேருந்து நான் நவுர மாட்டேன்."

காத்திருந்த மூன்று நோயாளிகளும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தர் போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுக்கத் தொடங்கினார். அசோக் சார் உள்ளே ஓடினார். வக்கீலுக்குப் போன் போட்டார். முக்கால் மணி நேரத்தில் லேபின் பெயர் அச்சடித்த தாளில் ஒரு கடிதம் தயாராகி வந்தது. அதை அவர் நேராக சிவரஞ்சனியிடம் கொண்டு வந்து நீட்டினார்.

"இதுல நீ ஒரு கையெழுத்துப் போட்டுட்டா நான் முத்திரை குத்திக் குடுத்துடறேன்."

அவள் வாய்விட்டுப் படித்தாள். இறந்த முருகையனுக்கு ஐந்து ஆண்டுகளில் பத்து முறை நுரையீரல் சோதனை செய்யப்பட்டது. தேதிகளெல்லாம் அரியலூர் கிளையின் வருகை நோட்டிலிருந்து மலர்கொடி போனில் கேட்டு எழுதியவை. முடிவுகள் எங்கள் கம்ப்யூட்டரில் இருந்தன. அதுவரைக்கும் சரி. அடுத்த வரியில் சனியன் உட்கார்ந்திருந்தது. எங்கள் முன்னாள் ஊழியர் சிவரஞ்சனி எழுதி வைத்த தவறான கட்டளைகளே அவை அழிந்ததற்கு முழுக் காரணம். இதை அவரும் ஒப்புக்கொண்டு கீழே கையொப்பமிடுகிறார்.

"தவறான கட்டளையா?" என்றாள். "எதுங்க சார் தப்பு? ராகு காலம் வருதுன்னு நாலாவதை மொதல்ல ஓட்டுன்னு நானா எழுதி வெச்சேன்? அந்தக் கேள்வியை எடுத்தது என் தப்பு, அதை எழுதுங்க, போடுறேன். எடுக்கச் சொன்னது யாரு, வரிசை மாத்துனது யாருன்னு அதையும் சேத்து எழுதுங்க."

"அதெல்லாம் எழுதுனா நாளைக்கு இந்த லேபை எவன் நம்புவான்? அறுபது குடும்பம் இதை நம்பிப் பொழைக்குது."

"அப்ப என்னை எவன் நம்புவான்? திங்கக்கெழமை திருச்சியில ஒரு ஆஸ்பத்திரியில கம்ப்யூட்டர் வேலைக்குச் சேரப் போறேன். இந்த லெட்டரு அவங்க கண்ணுல பட்டா உள்ள விடுவாங்களா?" கடிதத்தைத் தூக்கிக் காட்டினாள். "இன்னொண்ணும் விட்டுட்டீங்க. ஒவ்வொரு தடவையும் ரிப்போர்ட்டை கவர்ல போட்டு கான்ட்ராக்டர் ஆபீஸ்ல கொண்டு போய்க் குடுத்தது நான்தான். அரியலூருக்குப் போறப்பல்லாம் என் கையால குடுத்தேன். அவரு மேனேஜரு பிரிச்சுப் பாத்துட்டுத்தான் டிராயர்ல வெப்பாரு. வியாதியே இல்லன்னு இப்ப சொல்றாருல்ல, அவருகிட்ட பத்து ரிப்போர்ட்டும் போய்ச் சேந்துச்சுன்னு எழுதுங்க."

அசோக் சார் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவங்க நம்ம பெரிய பார்ட்டிம்மா. அதையெல்லாம் எழுத முடியாது. எழுதவும் மாட்டேன். இருக்குறதுல போடுறதுன்னா போடு. இல்லன்னா அந்தம்மா வெறுங்கையோட போவட்டும். பாவம் உனக்குத்தான்."

பாவம் யாருக்கு என்று பங்கு பிரிக்கவும் ஆரம்பித்துவிட்டார். அவள் அந்தத் தாளைக் கிழித்து அவர் மூஞ்சியில் எறிந்திருப்பாள். விரல்கள் தாளின் ஓரத்தை மடக்கவே மடக்கிவிட்டன. அப்போது செல்வம்மாள் பக்கத்தில் வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கையெழுத்துப் போடு பாப்பா."

"அக்கா, இதுல பொய் எழுதியிருக்குது."

"தெரியுது. நானும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன். பத்து தரம் ஊதுனாருன்னு இருக்குதுல்ல? தேதி இருக்குதுல்ல? அது மெய்தானே? எனக்கு அந்த வரி வேணும். ஒன் பேரு கெடுதுன்னு எனக்கும் தெரியுது. ஒனக்கு வேற வேலை கெடைக்கும். எனக்கு வேற ஆளு கெடைக்காது."

சிவரஞ்சனிக்கு செல்வம்மாள் மேலேயே கோபம் வந்தது. எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாள்! யாரோ செய்ததற்கெல்லாம் தலை கொடுக்க இவள்தான் கிடைத்தாளா? ஆனால் செல்வம்மாளின் பிடி இளகவில்லை. அந்தக் கை சுண்ணாம்பில் வெந்த கை மாதிரி சொரசொரவென்றிருந்தது. இந்தப் பெண்ணும் சுரங்கத்தில் கூடை சுமந்தவள்தான் என்பது அந்தத் தொடலிலேயே தெரிந்தது. அவளுக்கு யார் ஊதிப் பார்ப்பார்கள்?

மேஜையில் கிடந்த பேனாவை எடுத்தாள். தாள் கிழிகிற அளவுக்கு அழுத்திக் கையெழுத்துப் போட்டாள். அசோக் சாருக்கு வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே! முத்திரையை மையில் ஒற்றி, ஊதி, பெருமாள் கோயில் பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் செல்வம்மாளிடம் கொடுத்தார். "எதுவும் மனசுல வெச்சுக்காதீங்கம்மா" என்று உபசாரம் வேறு.

செல்வம்மாள் கடிதம் தலைகீழாக இல்லை என்று உறுதி செய்துகொண்டு, விரலால் ஒரு பெயரைத் தொட்டு, "இது எங்க ஆளு பேருதானே?" என்று மலர்கொடியிடம் கேட்டாள். ஆமாம் என்றாள் மலர்கொடி. "இது இந்தப் பாப்பா பேரா?" அதற்கும் ஆமாம் என்றாள். செல்வம்மாள் தாளை நாலாக மடித்தாள்.

"ஏன் பாப்பா, இதை நீட்டுனா, எல்லாத்துக்கும் காரணம்னு போட்டிருக்குற பொண்ணு யாருன்னு அந்த டாக்டருங்க கேப்பாங்கல்ல?"

"கேப்பாங்க அக்கா."

"கேட்டா வந்து சொல்லுவியா? எப்படி அழிஞ்சுச்சு, யாரு அழிச்சா, கவர்ல போட்டு யாருகிட்ட குடுத்தேன்னு எல்லாத்தையும்?"

சிவரஞ்சனி அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தாள். இந்தக் கேள்வி அவளுக்கு இப்போதுதான் தோன்றியதா, கையெழுத்துப் போடச் சொல்லும்போதே தோன்றியிருந்ததா, அந்த முகத்தில் எதுவும் தெரியவில்லை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் திருச்சியில் இருக்க வேண்டும். முதல் நாளே வராதவளை எந்த ஆஸ்பத்திரியும் வைத்துக்கொள்ளாது.

"எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டாள்.

"பத்து மணிக்கு. கலெக்டர் ஆபீஸ்ல."

"வரேன். நாலாவது கட்டம் எத்தனை மணிக்கு ஓடுச்சுன்னு அந்த நேரத்தோட போட்டோ எடுத்து வெச்சிருக்கேன். அதையும் கொண்டாரேன்."

அசோக் சாருக்கு அப்போதுதான் உறைத்தது. பழியைப் போட ஒரு பெயர் தேடியவர், அந்தப் பெயருக்கு ஒரு வாய் இருக்கும் என்று யோசிக்கவேயில்லை. "அம்மா, அம்மா, ஒரு நிமிசம்" என்று மேஜையைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார். "அந்த லெட்டரை இப்படிக் குடுங்க. அதுல ஒரு எழுத்துப் பிழை இருக்கு. திருத்தி வேற அடிச்சுத் தரேன்."

செல்வம்மாள் அதற்குள் கடிதத்தை ஜாக்கெட்டுக்குள் செருகி, முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகியிருந்தாள்.

"பிழையோடவே இருக்கட்டும் சார்" என்றாள். "எங்க ஆளு பேரு சரியா இருக்குதாம்."